மூன்றாம் கட்சி அட்டர்னி ஜெனரல் வேட்பாளருக்குப் போடும் வாக்கு எங்கே போகிறது?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, மினசோட்டாவில் முதல் தடவை வாக்களிக்கப்போகும் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கு ஜனநாயக, குடியரசுக் கட்சிகள் தவிர மூன்றாம் கட்சி ஒன்றும் ஆளை நிறுத்துகிறதே. அவர்கள் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஜெயிக்க வழியே இல்லை, வாக்கைப் பிரிக்கத்தான் நிற்கிறார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்குப் போட்டால் என் வாக்கு வீணா? தோற்போம் என்று தெரிந்தும் ஏன் நிற்கிறார்கள்?" ஏன் நிற்கிறார்கள் என்பது பாதிக் கேள்விதான். அந்த வாக்கால் ஏதாவது நடக்குமா, நடந்தால் அது நீங்கள் விரும்பியதாக இருக்குமா என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் இந்த மாநிலத்தில் பல வருடங்களாக நுகர்வோர் வழக்குகளில் வேலை செய்யும் வழக்கறிஞர். அட்டர்னி ஜெனரல் அலுவலகம் தொடரும் வழக்குகளை அருகில் இருந்து பார்க்கும் வேலை இது. தேர்தல் நாட்களில் வாக்குச்சாவடியில் 'எலெக்ஷன் ஜட்ஜ்' ஆகவும் உட்கார்ந்திருக்கிறேன். பெயரில் ஜட்ஜ் இருந்தாலும் அது வாக்குச்சாவடி அலுவலர் வேலைதான். எந்தக் கட்சியின் பிரச்சாரத்திலும் வேலை செய்ததில்லை. அதனால் கட்சி அறைக்குள் நடக்கும் கணக்குகளைப் பற்றி நான் சொல்வதை வெளியே இருந்து பார்த்தவன் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பதவி. அட்டர்னி ஜெனரல் என்றால் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர். தமிழ்நாட்டில் அட்வகேட் ஜெனரலை ஆளுநர் நியமிக்கிறார், ஆட்சி மாறினால் பெரும்பாலும் அவரும் மாறிவிடுவார். அமெரிக்காவில் 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அலாஸ்கா, ஹவாய், நியூ ஹாம்ப்ஷயர், நியூ ஜெர்சி, வயோமிங் ஆகிய ஐந்தில் ஆளுநர் நியமிக்கிறார். மெய்னில் சட்டமன்றமும் டென்னசியில் மாநில உச்ச நீதிமன்றமும் தேர்ந்தெடுக்கின்றன. மக்கள் வாக்கில் வருகிறவர் ஆளுநரின் ஆள் அல்ல. ஆளுநர் ஒரு கட்சி, அட்டர்னி ஜெனரல் வேறு கட்சி என்பது இங்கே சாதாரணம்.

மினசோட்டாவில் இந்த அலுவலகத்தின் வேலை பெரும்பாலும் சிவில் பக்கம்தான். மாநிலத் துறைகளுக்காக வாதாடுவது, மோசடி நிறுவனங்கள் மீது வழக்குப் போடுவது, மற்ற மாநிலங்களோடு சேர்ந்து பெரிய கம்பெனிகளை நீதிமன்றத்துக்கு இழுப்பது. 1990களில் சிகரெட் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டு, 1998இல் 600 கோடி டாலருக்கும் மேல் பணம் வாங்கிக்கொடுத்ததும், அந்தக் கம்பெனிகளின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்ததும் ஹூபர்ட் ஹம்ஃப்ரி III அட்டர்னி ஜெனரலாக இருந்த இதே அலுவலகம்தான். கிரிமினல் வழக்குகளைப் பொதுவாக அந்தந்தக் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அட்டர்னிதான் பதிவு செய்வார். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலை வழக்கை 2020இல் அட்டர்னி ஜெனரல் கீத் எலிசனின் அலுவலகம் கையில் எடுத்து நடத்தியது விதிவிலக்கு. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மூன்றாம் கட்சி வேட்பாளர்கள் தரும் வாக்குறுதிகளில் கணிசமான பங்கு இந்தப் பதவியின் கைக்கு எட்டாதவை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக உதவும் ஒரு தேர்தல், 2018. ஜனநாயகக் கட்சி சார்பில் கீத் எலிசன், குடியரசுக் கட்சி சார்பில் டக் வார்ட்லோ, மூன்றாவதாக கிராஸ்ரூட்ஸ்–லீகலைஸ் கானபிஸ் என்ற கட்சியின் நோவா ஜான்சன். பெயரே சொல்வதுபோல, கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கட்சியின் ஒரே பெரிய கோரிக்கை. எலிசன் ஏறத்தாழ 49 சதவீதமும் வார்ட்லோ 45 சதவீதமும் வாங்கினார்கள். ஜான்சன் 5.7 சதவீதம், எண்ணிக்கையில் 1,45,000க்கும் மேல். எலிசனுக்கும் வார்ட்லோவுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது மூன்றாமவர் வாங்கிய வாக்கு, முதல் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளியைவிட அதிகம்.

ஜான்சன் தோற்றார், ஆனால் அவர் கட்சி அன்று ஒரு விஷயத்தில் ஜெயித்தது. அப்போதிருந்த மினசோட்டா சட்டப்படி, மாநிலம் முழுவதும் நடக்கும் ஏதாவது ஒரு பதவித் தேர்தலில் ஒரு கட்சியின் வேட்பாளர் 5 சதவீதம் வாக்கு வாங்கி, எல்லாக் கவுண்டிகளிலும் வாக்குப் பெற்றிருந்தால், அது 'மேஜர் பார்ட்டி' ஆகிவிடும். ஆளுநர் தேர்தலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அட்டர்னி ஜெனரலோ, மாநிலச் செயலாளரோ, மாநில ஆடிட்டரோ போதும். அந்த அந்தஸ்து இல்லாத கட்சி, மாநிலப் பதவி ஒன்றுக்கு ஆளை நிறுத்த 2,000 கையெழுத்து வாங்க வேண்டும், அதுவும் ஓரிரு வாரங்களுக்குள். அந்தஸ்து வந்துவிட்டால் கையெழுத்து வேண்டாம், மனு போட்டுக் கட்டணம் கட்டினால் பெயர் வாக்குச்சீட்டில் வந்துவிடும். மாநிலத்தின் தேர்தல் நிதியைப் பெறும் வழியும் எளிதாகும். ஆக, தோற்கப்போகிறவர் ஏன் நிற்கிறார் என்று கேட்டீர்களே, பெரும்பாலான சமயம் அவர் ஓடுவது வேறு பந்தயம். அங்கே எல்லைக்கோடு 50 சதவீதத்தில் இல்லை, 5 சதவீதத்தில் இருக்கிறது.

அதற்கு அட்டர்னி ஜெனரல் வரிசையைத் தேர்ந்தெடுப்பதிலும் காரணம் இருக்கிறது. அதே 2018இல், அதே வாக்குச்சீட்டில், அதே கட்சி ஆளுநர் பதவிக்கும் ஒருவரை நிறுத்தியது. அவருக்குக் கிடைத்தது 3 சதவீதத்துக்கும் கீழே. அட்டர்னி ஜெனரல் வரிசையில் அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆளுநர் பதவி என்றால் மக்கள் பயத்தோடு வாக்களிப்பார்கள், பிடிக்காதவர் வந்துவிடக் கூடாதே என்ற கவலை முன்னால் நிற்கும். கீழே வரவர அந்தப் பயம் தளரும், மனசுக்குப் பிடித்ததைச் செய்யும் துணிச்சல் வரும். வாக்குச்சாவடியில் உட்கார்ந்தபோது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, ஆளுநர் பெயர்களைத் தெரிந்துகொண்டு வருகிறவர்களில் பலருக்கு அட்டர்னி ஜெனரல் வரிசையில் இருக்கும் பெயர்கள் தெரியாது. அங்கே கட்சிப் பெயர்தான் பேசும். 'கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்கு' என்பதையே பெயராக வைத்திருக்கும் கட்சிக்கு அது பெரிய வசதி. விளம்பரச் செலவே இல்லாமல் கோரிக்கை நேராக வாக்குச்சீட்டில் அச்சாகிறது.

சரி, வாக்குப் பிரிப்பு. இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் பற்றி அடித்துப் பேசுகிறவர்கள்தான் அதிகம். உறுதியானது: மினசோட்டாவில் அட்டர்னி ஜெனரலுக்கு அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிப்பார், 50 சதவீதம் தேவையில்லை. மினியாபொலிஸிலும் செயின்ட் பாலிலும் மேயர் தேர்தலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை இருக்கிறது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் மாநிலப் பதவிகளுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம், இங்கே ஒரே ஒரு பெயர்தான். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தரவரிசை வாக்குமுறையை மாநில அளவில் கொண்டுவந்த மாநிலங்கள் மெய்னும் அலாஸ்காவும். அந்த இரண்டிலும் அட்டர்னி ஜெனரலை மக்கள் தேர்ந்தெடுப்பதே இல்லை. இந்தப் பதவிக்கு மூன்றாம் கட்சியில் நிற்கிறவர்களுக்கு அந்த முறையால் இதுவரை ஒரு பயனும் கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

ஜார்ஜியா வேறு மாதிரி. அங்கே பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால் முதல் இருவருக்கு மறுதேர்தல். 2018இல் மாநிலச் செயலாளர் பதவிக்கு அப்படித்தான் நடந்தது. லிபர்டேரியன் என்ற மூன்றாம் கட்சியின் வேட்பாளர் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியதால் பிராட் ராஃபென்ஸ்பெர்கரும் ஜான் பாரோவும் டிசம்பரில் மறுபடி மோத வேண்டிவந்தது. அந்த மாதிரி மாநிலத்தில் மூன்றாம் கட்சி வாக்கு யாரையும் நேராகத் தோற்கடிக்காது, ஆட்டத்தை நீட்டும், அவ்வளவுதான்.

சந்தேகமானது: அந்த 1,45,000 பேரும் ஜான்சன் இல்லாவிட்டால் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்பது. ரகசிய வாக்கு என்பதால் அதை யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. கஞ்சா ஆதரவாளர்கள் எல்லாரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அது அரைகுறைக் கணக்காகத் தெரிகிறது. அந்த நாளில் ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் டிம் வால்ஸ் 11 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார், எலிசனுக்கு 4 புள்ளிதான். தேர்தலுக்கு முன்பு எலிசன் மீது தனிப்பட்ட குற்றச்சாட்டு ஒன்று எழுந்தது, அவர் அதை மறுத்தார். அதனால் மனம் விலகிய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஜான்சனிடம் போனார்கள் என்று சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் அதே வாக்குச்சீட்டில் ஆடிட்டர் பதவிக்கு நின்ற இன்னொரு கஞ்சாக் கட்சி, லீகல் மரிஹுவானா நவ், 5.3 சதவீதம் வாங்கியது. அங்கே எந்தக் குற்றச்சாட்டும் செய்தியில் இல்லை. ஆகவே ஜான்சனுக்கு விழுந்ததில் பெரும்பகுதி எலிசனை வெறுத்து விழுந்ததல்ல, கீழ்வரிசையில் கஞ்சாக் கோரிக்கைக்கு எப்படியும் விழுந்திருக்கக் கூடியது என்பது என் கணிப்பு. கணிப்புதான், நிரூபணம் இல்லை.

2022இலும் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. அந்த வருடம் அட்டர்னி ஜெனரல் வரிசையில் இரண்டே பெயர்கள், எலிசனும் ஜிம் ஷுல்ட்ஸும். ஏறத்தாழ 25 லட்சம் வாக்கில் எலிசன் சுமார் 21,000 வாக்கில் தப்பினார். ஆடிட்டர் வரிசையில் இரண்டு கஞ்சாக் கட்சிகளும் ஆள் நிறுத்தியிருந்தன. அங்கே ஜனநாயகக் கட்சியின் ஜூலி பிளாஹா சுமார் 8,000 வாக்கில் தப்பினார். மூன்றாம் கட்சிகள் இருந்த வரிசையில் ஜனநாயகக் கட்சியின் முன்னிலை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனால் வேட்பாளர்கள் வேறு, பிரச்சாரச் செலவு வேறு. இந்த வித்தியாசத்தை மூன்றாம் கட்சியின் கணக்கில் மட்டும் எழுதினால் நேர்மையாக இருக்காது. ஒன்று மட்டும் சொல்லலாம். 2022 மாதிரி இறுக்கமான போட்டியில் அட்டர்னி ஜெனரல் வரிசையில் மூன்றாவது பெயர் ஒன்று இருந்திருந்தால், அது 3 சதவீதம் வாங்கினாலும் முடிவை மாற்றும் அளவுக்கு அதன் கையில் வாக்கு இருந்திருக்கும். அதே வருடம் அரிசோனாவில் கிரிஸ் மேயஸ் மறு எண்ணிக்கைக்குப் பிறகு 280 வாக்கில் அட்டர்னி ஜெனரல் ஆனார். அந்த மாதிரி இடத்தில் 'என் ஒரு வாக்கால் என்ன' என்று யாரும் சொல்ல முடியாது.

நெவாடாவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நமக்குப் பழக்கமான ஒன்று அங்கே இருக்கிறது. நம்மூரில் 2013இல் நோட்டா வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 1970களிலிருந்து நெவாடாவின் மாநிலப் பதவிகளுக்கு 'இவர்களில் எவருமில்லை' என்ற வரி உண்டு. 2018 அட்டர்னி ஜெனரல் தேர்தலில் ஜெயித்த ஜனநாயகக் கட்சியின் ஆரன் ஃபோர்டுக்கும் குடியரசுக் கட்சியின் வெஸ் டங்கனுக்கும் அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. மூன்றாவதாக நின்ற இண்டிபெண்டன்ட் அமெரிக்கன் கட்சிக்காரர் 3 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், 'எவருமில்லை' இரண்டரை சதவீதம் வாங்கியது. அந்தக் கட்சி வலதுசாரிக் கட்சி. வாக்குப் பிரிப்பு என்றால் ஜனநாயகக் கட்சிக்குத்தான் நஷ்டம் என்று நினைப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

இனி, 2018இல் அந்த 5 சதவீதம் கிடைத்த பிறகு என்ன ஆனது. எனக்கு மிகவும் வருத்தம் தருகிற பகுதி இது. மினசோட்டாவில் வாக்காளர் பதிவில் கட்சி உறுப்பினர் என்று ஒன்று கிடையாது. மேஜர் பார்ட்டி ஆகிவிட்டால் அந்தக் கட்சியின் பெயரில் யார் வேண்டுமானாலும் முதன்மைத் தேர்தலுக்கு (கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல்) மனுப் போடலாம். பெரிய கட்சிகளுக்கு அது பிரச்சினை இல்லை, பணமும் ஆள்பலமும் இருக்கிறது, வேண்டாதவரை முதன்மைத் தேர்தலிலேயே தோற்கடித்துவிடும். சின்னக் கட்சிக்கு அந்தக் காவல் இல்லை. ஒரே ஒருவர் மனுப் போட்டால் அவரே வேட்பாளர். 2020இல் மினசோட்டாவின் இரண்டாவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதியில் லீகல் மரிஹுவானா நவ் கட்சியின் வேட்பாளர் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு இறந்துபோனார். ஜனநாயகக் கட்சியின் ஆஞ்சி கிரெய்குக்குப் போகும் வாக்கைப் பிரிக்கக் குடியரசுக் கட்சிக்காரர்கள் தன்னை நிற்கச் சொன்னார்கள் என்று இறப்பதற்கு முன் அவர் ஒரு நண்பருக்குப் பேசி அனுப்பிய குரல் பதிவை ஸ்டார் ட்ரிப்யூன் பத்திரிகை பிற்பாடு வெளியிட்டது. அந்தக் கட்சியின் நிர்வாகிகள் தங்களுக்குத் தொடர்பில்லை என்றார்கள். யார் சொன்னது உண்மை என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் இறந்தவர் பெயருக்கும் அங்கே ஏறத்தாழ 6 சதவீதம் வாக்கு விழுந்தது என்பது பதிவில் இருக்கிறது. கட்சிப் பெயரைப் பார்த்து மட்டும் எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கஞ்சாவுக்காக உண்மையாகப் பல வருடம் உழைத்தவர்கள் சம்பாதித்த பெயரை, அவர்கள் சம்மதம் இல்லாமலே வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடிந்தது.

அப்புறம் கதை வேகமாக முடிந்தது. 2023 மே மாதம் வால்ஸ் கையெழுத்திட்ட சட்டத்தால் ஆகஸ்ட் 1 முதல் 21 வயதானவர்களுக்குக் கஞ்சா சட்டப்பூர்வமானது. அதே வருடம் மேஜர் பார்ட்டி வரம்பையும் சட்டமன்றம் 5இலிருந்து 8 சதவீதமாக உயர்த்தியது. 2024இல், கட்சி அமைப்பு நடத்த வேண்டிய மாநாடுகளைச் சட்டப்படி நடத்தவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் லீகல் மரிஹுவானா நவ் கட்சியின் அந்தஸ்தை எடுத்துவிட்டது. ஆக, 2018இல் ஜான்சனுக்கு வாக்களித்த ஒருவர் வீணாகப் போட்டாரா? கோரிக்கை ஐந்து வருடத்தில் சட்டமானது. அதற்கு அந்த வாக்குகள் எவ்வளவு காரணம், நாடு முழுக்க மாறிய மனநிலை எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் 5 சதவீதத்துக்கு மேல் வாக்குத் தனியாகப் போகிறது என்று தெரிந்தால் எந்தப் பெரிய கட்சியும் அந்தக் கோரிக்கையைத் தன் பக்கம் இழுக்கத்தான் பார்க்கும். இழுத்தார்கள், கூடவே கதவையும் இறுக்கமாகச் சாத்தினார்கள். இரண்டையும் செய்தது ஒரே சட்டமன்றம்.

உங்கள் வாக்கைப் பற்றி யோசிக்கும்போது இந்த 8 சதவீதத்தை மனதில் வையுங்கள். முன்பு 5.7 வாங்கியவர் கட்சியைத் தூக்கி நிறுத்தினார். இன்று அதே 5.7 வாங்கினால் அந்த அந்தஸ்து கிடைக்காது. மற்ற மாநிலங்களிலும் இந்த வரம்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. டெக்சஸ் 2019இல் தளர்த்தியது, கடந்த ஐந்து பொதுத் தேர்தல்களில் ஏதாவது ஒன்றில் ஒரு மாநிலப் பதவிக்கு 2 சதவீதம் வாங்கியிருந்தால் போதும், கூடவே வேட்பாளர் கட்டணம் கட்ட வேண்டும் என்றது. நியூயார்க் 2020இல் இறுக்கியது. ஒரு கட்சி தன் இடத்தைக் காப்பாற்ற 1,30,000 வாக்கு அல்லது 2 சதவீதம், எது அதிகமோ அது வேண்டும், அதுவும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. புதிதாக மாநிலப் பதவிக்கு நிற்க 45,000 கையெழுத்து. 2018இல் அங்கே அட்டர்னி ஜெனரல் வாக்குச்சீட்டில் கிரீன், லிபர்டேரியன் கட்சிப் பெயர்கள் இருந்தன. 2022இல் அவை இல்லை.

இந்தத் தடைகளை நீதிமன்றத்தில் உடைத்தவர்களும் உண்டு, அதில் ஒருவர் அட்டர்னி ஜெனரல் பதவிக்கே நின்றவர். கிறிஸ் கிரேவ்லைன், மத்திய அரசு வழக்கறிஞராக இருந்தவர், அதற்கு முன் ராணுவ வழக்கறிஞராக இராக்கின் அபு கிரைப் சிறைக் கொடுமை வழக்குகளை நடத்தியவர். 2018இல் மிச்சிகனில் கட்சி சாராமல் நிற்க முடிவு செய்தார். சட்டம் 30,000 கையெழுத்து கேட்டது. 1988இல் அந்தச் சட்டம் வந்ததிலிருந்து, அந்த வழியில் மாநிலப் பதவிக்கு ஒருவர்கூட வாக்குச்சீட்டில் ஏறியதில்லை. முப்பது வருடம் ஒருவராலும் தாண்ட முடியாத சுவர் நியாயமான சுவரா என்று கேட்டு மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். நீதிபதி அவர் பெயரைச் சேர்க்க உத்தரவிட்டார், பிறகு வரம்பு 12,000 ஆகக் குறைந்தது, 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 2 சதவீதத்துக்கும் குறைவு, ஜெயித்தவர் டானா நெசல். கிரேவ்லைன் வாங்கிய வாக்கு இன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஆனால் அவருக்குப் பிறகு மிச்சிகனில் நிற்கும் ஒவ்வொரு சுயேச்சையும் அந்த 12,000இன் பலனை அனுபவிக்கிறார். சட்டம் தெரிந்த ஒருவர் தோற்றாலும் எதை விட்டுவிட்டுப் போக முடியும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் பெயர் இவருடையது.

'ஜெயிக்கவே முடியாது' என்று உங்கள் நண்பர்கள் சொல்வது இன்றைய நிலவரத்துக்குச் சரி, வரலாற்றுக்குச் சரியில்லை. 1890இல் கான்சாஸில் பாப்புலிஸ்ட் கட்சியின் ஜான் ஐவ்ஸ் அட்டர்னி ஜெனரல் ஆனார். 1936இல் விஸ்கான்சினில் புரோகிரசிவ் கட்சியின் ஆர்லண்ட் லூமிஸ். மினசோட்டாவிலேயே 1930களில் ஃபார்மர்–லேபர் கட்சியின் ஹாரி பீட்டர்சனும் அவருக்குப் பின் வில்லியம் எர்வினும் இந்த நாற்காலியில் இருந்தார்கள். அந்தக் கட்சி 1944இல் ஜனநாயகக் கட்சியோடு இணைந்தது. இங்கே ஜனநாயகக் கட்சிக்கு 'டெமாக்ரட்டிக்–ஃபார்மர்–லேபர்' என்று இன்றைக்கும் பெயர் இருப்பது அதனால்தான். 1998இல் ரிஃபார்ம் கட்சியின் ஜெஸ்ஸி வென்ச்சுரா 37 சதவீதத்தில் ஆளுநர் ஆனபோது, தோற்றவர்களில் ஒருவர் சிகரெட் வழக்கில் ஜெயித்த அதே அட்டர்னி ஜெனரல் ஹம்ஃப்ரி. ஆனால் ஐவ்ஸ், பீட்டர்சன் போன்றவர்கள் ஜெயித்ததற்குப் பின்னால் விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்த பெரிய இயக்கம் இருந்தது. இன்றைக்கு இந்தப் பதவிக்கான பணம் வேறு வழியில் வருகிறது. குடியரசுக் கட்சி அட்டர்னி ஜெனரல்களுக்கும் ஜனநாயகக் கட்சி அட்டர்னி ஜெனரல்களுக்கும் தனித்தனியாகத் தேசிய அமைப்புகள் இருக்கின்றன, இறுக்கமான மாநிலங்களில் விளம்பரத்துக்கு அவை பணத்தைக் கொட்டுகின்றன. மூன்றாம் கட்சிக்காரருக்கு அப்படி ஓர் ஊற்று இல்லை.

கைக்கு எட்டாத வாக்குறுதி என்று சொன்னேன். 2008இல் வெர்மான்டில் புரோகிரசிவ் கட்சி சார்பில் அட்டர்னி ஜெனரலுக்கு நின்ற சார்லட் டெனட், தான் ஜெயித்தால் இராக் போரில் இறந்த வீரர்களுக்காக ஜார்ஜ் புஷ் மீது கொலை வழக்குப் போடுவேன் என்றார், அதற்குப் பிரபல வழக்கறிஞர் வின்சென்ட் புலியோசியைச் சிறப்பு வழக்கறிஞராக நியமிப்பேன் என்றார். நாடே திரும்பிப் பார்த்தது. பதவியில் இருந்த வில்லியம் சோரல் எளிதாக ஜெயித்தார். ஒரு மாநில அதிகாரி முன்னாள் ஜனாதிபதியை அவர் பதவியில் எடுத்த போர் முடிவுக்காகக் கொலைக் குற்றத்தில் நிறுத்த நீதிமன்றம் விட்டிருக்குமா என்றால், வழக்கறிஞராக என் பதில் இல்லை என்பதுதான். இருந்தாலும் அவர் எழுப்பிய கேள்வி நேர்மையானது, அதை எழுப்ப இந்தப் பதவியின் மேடையைவிடப் பொருத்தமான மேடை அவருக்கு இல்லை. கஞ்சாக் கட்சிக்கும் இதேதான். ஜான்சன் ஜெயித்திருந்தாலும் கஞ்சாவைச் சட்டப்பூர்வமாக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, அது சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது, வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது கவுண்டி அட்டர்னிகளின் கையில் இருக்கிறது.

அதனால் எந்த மூன்றாம் கட்சி வேட்பாளரையும் நேரில் பார்க்கவோ எழுதிக் கேட்கவோ வாய்ப்பு கிடைத்தால் (சின்னக் கட்சிக்காரர்கள் பதில் போடுவார்கள், அது அவர்களிடம் இருக்கும் நல்ல விஷயம்), வழக்கறிஞராகப் பணி செய்தவரா என்று கேளுங்கள். கனெக்டிகட்டில் பத்து வருடம் பணி செய்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, 2010இல் அதனால் ஒரு பிரபல வேட்பாளர் போட்டியிலிருந்தே விலக வேண்டிவந்தது. எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை, ஆகவே நீங்களே கேட்க வேண்டும். முதல் வருடத்தில் எந்த மாதிரி வழக்குகள் போடுவார் என்று கேளுங்கள். சட்டமன்றம் செய்ய வேண்டியதைத் தான் செய்வேன் என்று சொன்னால், அவருக்குப் பதவியே புரியவில்லை. கட்சியின் பழைய ஆட்கள் அவரை ஆதரிக்கிறார்களா, அல்லது கடைசி நாளில் யாரும் அறியாமல் மனுப் போட்டாரா என்றும் விசாரியுங்கள். 2020க்குப் பிறகு இந்தக் கேள்வி இல்லாமல் இங்கே மூன்றாம் கட்சிக்கு வாக்களிக்க நான் தயாரில்லை.

என் சொந்த முடிவையும் சொல்லிவிடுகிறேன், கேட்டீர்கள் என்பதால். முதல் இருவருக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும் வருடத்தில், வேட்பாளர் உண்மையானவர் என்றால், அவருக்குப் போடத் தயங்க மாட்டேன். 2022 மாதிரி ஒன்றிரண்டு புள்ளியில் தொங்கும் வருடத்தில், அந்த இருவரில் யார் வந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று மனதாரச் சொல்ல முடிந்தால் மட்டுமே போடுவேன். வாடகை மோசடியிலும் கடன் மோசடியிலும் சிக்கியவர்களுக்காக வேலை செய்கிறவன் என்பதால், அப்படி என்னால் சொல்ல முடிந்த வருடம் இதுவரை வரவில்லை. உங்கள் அனுபவம் வேறாக இருக்கலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை. மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் தேர்தலுக்கு முன்பே மாதிரி வாக்குச்சீட்டு கிடைக்கும். அட்டர்னி ஜெனரல் வரிசையில் எத்தனை பெயர், எந்தக் கட்சி என்று அதில் பார்த்துவிட்டு, கருத்துக்கணிப்புகளை அக்டோபர் கடைசியில் ஒரு தடவை பாருங்கள். வாக்களிப்பு 46 நாள் முன்பே தொடங்கிவிடும், ஆனால் மூன்றாம் கட்சியை யோசிக்கிறவர்கள் அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டாம்.